சிறுநீர்ப்பை மாத்திரையும் நம்முடைய மலை வேலையும்

(கண்டி மாவட்டத் தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் கம்பளையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ சேமலாப நிதியைப் பற்றியோ நாங்கள் பேசப் போவதில்லை. சலம் போவதைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நாங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை எடுக்கும்போதும் முதல் ஐந்து நிமிடம் சிரிப்புக்குத்தான் போகும். அதற்குப் பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரியவர்கள் கேட்காத கேள்விகளாக இருக்கும்.

ஏன் இந்தப் பேச்சு என்றால், போன வருசம் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த சம்பவம். எந்தத் தோட்டம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். கவ்வாத்து வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா. வயது எழுபதைத் தாண்டியவர். ராத்திரி நாலைந்து தடவை எழும்புவார், அவசரமாக வரும், சில நேரம் கழிப்பறைக்குப் போவதற்குள் துணி நனைந்துவிடும். வெட்கத்தில் ஒரு வருசம் சொல்லாமல் இருந்தார். கடைசியில் மகள் கிளினிக்குக் கூட்டிப்போனார். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சின்னக் கடதாசி உறை, அதன்மேல் ஆங்கிலத்தில் நாலு எழுத்து. அவ்வளவுதான்.

மாத்திரை குடித்து நாலு நாள் நன்றாகவே இருந்தது. ஐந்தாம் நாள் தடிமன் பிடித்தது. பேத்தி கடையில் பிரிட்டன் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள், நாம் எல்லோரும் செய்வதுதானே. இரண்டு நாள் போனது. தாத்தாவுக்கு வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. சலம் போகவில்லை. சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கினார். மகளைப் பார்த்து "நீ யாரு பிள்ள?" என்று கேட்டார். லயத்தில் என்ன சொல்வார்கள்? முனி அடித்துவிட்டது என்றார்கள். கோடாங்கியைக் கூட்டி வந்து ராத்திரி முழுவதும் உடுக்கு அடித்தார்கள். விடிந்த பிறகு, உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் தாத்தாவின் அடிவயிறு பானை மாதிரி வீங்கி இருப்பதைக் கவனித்தாள். 1990க்கு அடித்தார்கள், அம்பியூலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சலத்தை எடுத்தார்கள். இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் தாத்தா தெளிந்து, வெற்றிலை எங்கே என்று கேட்டாராம்.

அவருக்கு முனியும் அடிக்கவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை. ஒரே விதமாக வேலை செய்யும் இரண்டு மருந்துகள் ஒரு வயதான உடம்பில் சேர்ந்துகொண்டன. டொக்டர் எழுதிய மருந்து தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கடை மாத்திரையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை; கடை மாத்திரை சேரக்கூடாது என்று தாத்தாவுக்கும் யாரும் தமிழில் சொல்லவில்லை.

இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. சலம் நிறையும் வரை தளர்ந்து இருக்க வேண்டும், நாம் உட்கார்ந்த பிறகு சுருங்க வேண்டும். சிலருக்கு நிறைவதற்கு முன்பே அந்தத் தசை தானாகச் சுருங்கிப் பிடிக்கிறது. அதைத்தான் பையில் பிடிப்பு என்கிறோம். அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும், உடனே போக வேண்டும் போலிருக்கும், அடக்க முடியாமல் போகும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும், குழாய் போட்டிருப்பவர்களுக்கும், அந்த இடத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இது வரும். மரத்தால் விழுந்து இடுப்புக்குக் கீழே இயங்காமல் படுக்கையில் இருக்கும் தம்பிமார் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கும் வீட்டார் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பையின் தசைக்குச் 'சுருங்கு' என்று நரம்பு ஒரு இரசாயனத்தின் மூலம் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி தசையில் போய்ச் சேராமல் மறிப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. ஒக்ஸிபியூட்டினின், டொல்டரோடின், சொலிபெனசின் என்று சில பெயர்களில் வருகிறது. மூன்றும் ஒரே குடும்பம். சிக்கல் என்னவென்றால், அதே இரசாயனம்தான் எச்சில் ஊறுவதற்கும், வியர்ப்பதற்கும், குடல் நகர்வதற்கும், கண்மணி சுருங்குவதற்கும் செய்தி கொண்டுபோகிறது. மூளையிலும் அதற்கு வேலை இருக்கிறது. பைக்குப் போகும் செய்தியை மட்டும் மறி என்று மாத்திரைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆகவே வாய் காய்கிறது, மலம் இறுகுகிறது, கிட்டப் பார்வை மங்குகிறது, தூக்கம் வருகிறது, வியர்வை குறைகிறது. எல்லோருக்கும் எல்லாமே வராது. வாய் காய்வது மட்டும் அநேகமாக வரும்.

வயதான தலைவர்மாருக்கு இது புதிதாக இருக்காது. பூச்சிமருந்து குடித்தவர்களை வார்டில் வைத்து 'அற்றோபின்' ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள். முகம் சிவந்து, வாய் காய்ந்து, கண்மணி பெரிதாகி, படுக்கை விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏதேதோ பேசுவார்கள். அங்கே அந்த மருந்துதான் உயிரைக் காப்பாற்றுகிறது, அது வேறு விசயம். ஊமத்தங்காய் தின்ற ஆட்களும் அதே மாதிரித்தான் உளறுவார்கள். சிங்களத்தில் அத்தன என்பார்கள், ரோட்டு ஓரத்தில் எல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கும். ஊமத்தையில் இருப்பதும், அற்றோபினும், நம்முடைய பை மாத்திரையும் உடம்பில் ஒரே பூட்டைத்தான் பூட்டுகின்றன. மாத்திரையில் அது அளவோடு இருக்கிறது. அளவு கூடினால், அல்லது அதே குடும்பத்து இன்னொரு மருந்து சேர்ந்தால், தாத்தாவுக்கு வந்த நிலைமைதான். இழுப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. பை மாத்திரை குடிப்பவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

சேரக்கூடாதவை நம் வீட்டுத் தகரப்பெட்டியிலேயே இருக்கின்றன. தடிமனுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரிட்டன், சில இருமல் பாணிகள், வயிற்றுவலிக்குக் கொடுக்கும் பஸ்கோபன், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், மனநோய் கிளினிக்கில் நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் கீற்றோகொனசோல் மாத்திரையும், எரித்ரோமைசின் போன்ற சில கிருமிநாசினி மாத்திரைகளும் ஒக்ஸிபியூட்டினினை உடம்பிலிருந்து போகவிடாமல் தேக்கி வைக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றை ஏற்கனவே குடிப்பவர் பயந்துபோய்த் தானாக நிறுத்த வேண்டாம். உறையைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினால், எது தேவை, எதை மாற்றலாம் என்று அவர் பார்ப்பார். சாராயமும் கசிப்பும் தூக்கத்தை இன்னும் கூட்டும். அதைக் கேட்டு முன்வரிசையில் இரண்டு பேர் கீழே குனிவது தெரிகிறது.

டொக்டர் முன்னால் உட்காரும்போது, அவர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. கண்ணில் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, இருப்பதாக எப்போதாவது சொன்னார்களா? சலம் முக்கித்தான் போகிறதா, போய் வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதா? ஆண்களுக்கு வயதுபோனால் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கும். அந்த நிலையில் பையையும் தளர்த்தினால் சலம் கட்டிவிடும். குடலில் அடைப்போ கடுமையான மலச்சிக்கலோ உண்டா? தசை சோரும் மயஸ்தீனியா என்ற நோய் உண்டா? பிள்ளை வயிற்றில் இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா? இத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். வரிசையில் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்று டொக்டர் அவசரப்படுவார், உண்மைதான். நாமும் அரை நாள் பேரை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கண்டிக்குப் போனவர்கள். அந்த ஒரு நிமிடம் நமக்கும் உரியது.

அதற்கும் முதலில் ஒரு கேள்வி உண்டு. இது உண்மையில் பைப் பிடிப்புத்தானா? அடிக்கடி சலம் போனால் அது சீனி வருத்தமாக இருக்கலாம். எரிவும் காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். சலத்தையும் இரத்தத்தில் சீனியையும் பரிசோதிக்காமல், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகமானது என்று அவருடைய மாத்திரையை வாங்கிக் குடித்தால், பிடிப்பு அமுங்கி நோய் உள்ளே வளரும். சலத்தில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். வலி இல்லாமல் இரத்தம் போனாலும் சரி, அதுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்கத்து முதுகுவலி என்றாலும் அப்படித்தான்.

குழாய் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயைச் சுற்றிச் சலம் கசிந்து, வயிறு பிடித்து இழுத்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் குழாய் மடங்கி இருக்கிறதா, பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, மலம் இறுகி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் அடைபட்டிருந்தாலும் இதே மாதிரித்தான் இழுக்கும். பையில் சலம் இறங்கவே இல்லை என்றால் வீட்டில் வைத்து நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி மாத்திரையைக் குடிக்கும் முறை. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதை டொக்டர் எழுதுவார். ஒக்ஸிபியூட்டினின் 5 மில்லிகிராம் மாத்திரையாக இரண்டு அல்லது மூன்று வேளை கொடுப்பது வழக்கம். வயதானவர்களுக்கு அதில் பாதியில், 2.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாத்திரை என்றாலும் அளவு ஒன்றல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னும் குடிக்கலாம், பின்னும் குடிக்கலாம். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை நெருங்கியிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். நாளுக்கு ஒரு தடவை குடிக்கும், மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. அதை உடைக்கவோ, சப்பவோ, பொடியாக்கித் தேத்தண்ணீரில் கலக்கவோ கூடாது, ஒரு நாள் மருந்து ஒரே மணித்தியாலத்தில் உடம்பில் இறங்கிவிடும். அந்த வகையில் சிலவற்றின் வெறும் கோது மலத்தோடு வெளியே வரும். மருந்து கரையவில்லை என்று பயந்து இன்னொன்றைப் போடாதீர்கள். முழுப் பலன் தெரிய நாலு வாரம் வரை போகலாம். மூன்றாம் நாளே சுகமில்லை என்று தூக்கி எறிவதும், நானாகக் கூட்டிக் குடிக்கிறேன் என்பதும் இரண்டும் பிழை.

உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்களையும் மனதில் வையுங்கள். சலம் கட்டி அடிவயிறு வீங்கினால், கண் சிவந்து கடுமையாக வலித்து வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால், ஆள் தடுமாறி உளறினால், நெஞ்சு படபடவென்று அடித்து உடம்பு நெருப்பாகச் சுட்டால், முகமோ நாக்கோ வீங்கினால் 1990. அது இலவசம். சின்னப் பிள்ளை எடுத்து விழுங்கிவிட்டால் அறிகுறி வரும் வரை காத்திருக்க வேண்டாம், உறையையும் கையோடு கொண்டுபோங்கள். லயத்தில் உயரமான இடம் என்றால் சாமித்தட்டுத்தான். அங்கேயாவது வையுங்கள், சாமி கோபிக்காது.

வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில், கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு துண்டு நிழல் கிடையாது. வியர்வைதான் நம்மைக் குளிர வைக்கிறது. இந்த மாத்திரை வியர்வையைக் குறைக்கிறது, ஆகவே உள்ளே சூடு ஏறும். தலைசுற்றல், குமட்டல், தோல் காய்ந்து சுடுவது என்று வந்தால் கூடையை இறக்கி வைத்து நிழலுக்குப் போய், தண்ணீர் குடித்து, துணியை நனைத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். கங்காணி கேட்டால் டொக்டர் சொன்னது என்று சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் உங்கள் கண்ணும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவரை கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்களும், பெக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவர்களும், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களும் வேறு வேலை கேளுங்கள். சரிவில் கொழுந்து எடுக்கும் அக்காமாருக்குப் பார்வை மங்கினால் கால் எங்கே போய் நிற்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வாய் காய்ந்தால் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் வெற்றிலை போடுவது. பாக்கில் அரிக்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது எச்சிலை ஊறவைக்கும், ஏனென்றால் அது இந்த மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்வது. ஒரு கையால் பூட்டைப் போட்டு மறு கையால் திறக்கிற கதை. வாய்ப் புற்றுநோய் வேறு அதோடு வருகிறது. வெற்றிலைக்குப் பதில் தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். டொபியும் வேண்டாம், காய்ந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

பிறகு தேத்தண்ணீர். இதை இந்த ஊரில் நின்று சொல்ல நமக்கே ஒரு மாதிரி இருக்கிறது. தேயிலையில் இருக்கும் கஃபீன் பையைக் கிளறிவிடும், அவசரத்தைக் கூட்டும். ராத்திரி எழும்பும் தொல்லை உள்ளவர்கள் பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீயைக் குறைத்துப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே பாதித் தொல்லை குறையும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். தண்ணீரைக் குறைத்தால் சலம் கடுமையாகிப் பை இன்னும் எரியும், மலம் இறுகும், கிருமிக்கும் இடம் கிடைக்கும்.

மாத்திரை இல்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சியும் உண்டு, பிள்ளை பெற்ற அம்மாமாருக்கு முக்கியமானது. சலத்தையும் வாயுவையும் அடக்கும்போது இறுக்கும் தசையை இறுக்கிப் பிடித்துப் பிறகு விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். காலையில் பெரட்டில் நின்றுகொண்டே செய்யலாம், கணக்கப்பிள்ளைக்குத் தெரியப் போவதில்லை.

வயதானவர்களைப் பற்றி மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்தார்கள். இந்த வகை மருந்துகளில் கடுமையானவற்றை, பை மாத்திரைகள் உட்பட, நீண்ட காலம் குடித்தவர்களிடையே மறதி நோய் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். மருந்துதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் தொடங்கிய மாத்திரையை ஐந்து வருசம் ஆறு வருசம் யாரும் கேள்வி கேட்காமல் கிளினிக் கொப்பியில் திரும்பத் திரும்ப எழுதுவது சரியல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது "இது இன்னும் தேவையா, சேர்?" என்று கேளுங்கள்.

உறைக்கு வருவோம். அந்த நாலு எழுத்து என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பீ.டீ. என்றால் நாளுக்கு இரண்டு வேளை. ரீ.டீ.எஸ். என்றால் மூன்று வேளை. மேனே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. இவை இலத்தீன் மொழி. ஆங்கிலம் படித்த ஆளுக்கும் சொல்லித்தராமல் விளங்காது. சிங்களத்தில் எழுதினால் உதே காலை, தவல் பகல், ரே இரவு, கேமட்ட பெர என்றால் சாப்பாட்டுக்கு முன், கேமென் பசு என்றால் சாப்பிட்ட பின். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு உறையிலும் சூரியன் உதிப்பதையும், உச்சிச் சூரியனையும், நிலாவையும் வரைந்து, பக்கத்தில் மாத்திரை எத்தனை என்று புள்ளி வைக்கச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிமாரும் அதைப் பார்த்துக் குடிக்கிறார்கள். ஆனால் இது பிள்ளைகள் செய்யவேண்டிய வேலையா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மருந்து கொடுக்கும் யன்னலில் நின்று "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது தயவு கேட்பதல்ல.

உறையில் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கம்பனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் சொந்தப் பெயரை. ஒரே ஒக்ஸிபியூட்டினின் கடைக்குக் கடை வேறு வேறு பெயரில் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும், பிரைவேட் டொக்டரிடம் இன்னொரு பெயரிலும் வாங்கி, இரண்டையும் இரண்டு மருந்து என்று நினைத்துக் குடித்தவர் உண்டு.

இந்தச் சொந்தப் பெயருக்காகப் போராடிய ஒரு மனிதர் நமக்குப் பக்கத்தில்தான் வாழ்ந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், மருந்தியல் துறையில் இலங்கையின் முதலாவது பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர், இடதுசாரி. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஏறக்குறைய 2,100 மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்தார். கம்பனிப் பெயருக்குப் பணம் கொடுக்காமல் மருந்தின் சொந்தப் பெயரில், உலகத்தில் மலிவாகக் கிடைக்கும் இடத்தில், தரம் பார்த்து மொத்தமாக வாங்கலாம் என்று காட்டினார். பெரிய மருந்துக் கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1977 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணிக்காகப் போயிருந்த கயானா நாட்டில் காலமானார். அவருடைய கொள்கையைச் சட்டமாக்கு என்று தொழிற்சங்கங்களும் மருத்துவர்களும் பல வருசம் கேட்டார்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது 2015இல்தான். ராஜ்ய ஒசுசல கடையில் நீங்கள் மாத்திரை வாங்கும்போது அந்த மனிதரின் வேலை கொஞ்சம் உங்கள் கையில் வருகிறது.

இவ்வளவும் மாத்திரையைப் பற்றி. இப்போது மாதர் தலைவிமார் மட்டும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். ஆண்கள் கேட்டாலும் குற்றமில்லை.

தெல்தோட்டைக்குப் பக்கத்தில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். நூற்றைம்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது. நாங்கள் ஏறி இறங்கிய மலைகளில், கொழுந்து எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் போய் உட்காரக் கதவுள்ள கழிப்பறை எத்தனை கண்டோம் என்று எண்ணினால் ஒரு கை விரலே அதிகம். இடுப்பில் படங்கைக் கட்டி, காலையில் பெரட்டுக்குப் போனால் பகல் நிறுவை வரை அடக்க வேண்டும். அட்டையும் பாம்பும் இருக்கும் பற்றைக்குள் போக வேண்டும், அதற்கும் ஆள் பார்த்து நிற்க வேண்டும். ஆகவே என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் ஒரு அக்கா சொன்னார், "சேர், காலையில ஒரு கோப்ப தேத்தண்ணிதான், அதுக்குப் பொறகு வீட்டுக்கு வந்துதான் தண்ணி." இருபது வருசமாக அப்படியாம். அவருக்கு இப்போது சலம் கடுப்பு மாறுவதே இல்லை. மாறி மாறி மாத்திரை.

இப்படி வந்த நோய்க்கு மாத்திரை மட்டும் கொடுத்து அதே மலைக்குத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று டொக்டர்மாருக்கும் தெரியும். வாய் காயும் மருந்தைக் குடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு, வெயிலில் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாத்திரை தேவையானவருக்கு மாத்திரை வேண்டும், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கழிப்பறை கட்டவேண்டிய இடத்தில் மாத்திரையை வைத்து அடைக்க முடியாது. ஆகவே அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் எழுதும் கடிதத்தில் மூன்று விசயம் போகிறது. ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில் தண்ணீரோடு பெண்களுக்குக் கழிப்பறை, மலைக்குக் குடிதண்ணீர், கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டாமை. கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது எந்த மலை, எந்த நம்பர், நடந்து போக எத்தனை நிமிடம் என்று தலைவிமார் எழுதித் தர வேண்டும். போன தடவை "வசதி போதாது" என்று பொதுவாக எழுதினோம். "எந்த இடத்தில்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நம்மிடம் பதில் இருக்கவில்லை, அது நம்முடைய பிழை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நம்மோடு ஒரு மருந்தாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தமிழ் நன்றாகப் பேசுவார். வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை உறைகள், பாணிப் போத்தல்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பிரஷர் மாத்திரையாக இருந்தாலும் சரி, பழையதாக இருந்தாலும் சரி. வெட்கப்படுகிறவர்கள் கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்தால், பின்னால் இருக்கும் அறையில் தனியாகப் பேசலாம். அந்தத் தாத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.